மூடிய அறையும் ஒளிந்த நீரும்

கடல் கடந்து வென்ற மன்னர்களைப் பற்றி நம்மிடம் நூல்கள் பல உள. அவர்கள் கைப்பற்றிய துறைமுகங்களின் பெயர்களை மாணவர் மனனம் செய்கின்றனர். ஆயின் அம்மன்னர்தம் படைகளை ஏற்றிச் சென்ற கலங்களுக்குள் நீர் புகாது காத்த கைகள் யாருடையவை என்ற வினாவைப் பாடநூல்கள் எழுப்புவதில்லை. கப்பலின் வரலாறு பாயின் வரலாறாகவும் கொடியின் வரலாறாகவும் எழுதப்பட்டிருக்கிறது. பலகைக்கும் பலகைக்கும் இடையேயுள்ள இடுக்கின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.

இவ்வெண்ணம் எமக்கு நூலகத்திலே தோன்றியதன்று. பூநகரிக் கரையிலிருந்து வந்து எம்மிடம் பயிலும் மாணவனொருவன் சென்ற ஆண்டு ஒரு கிழமைக்கு மேலாகப் பாடசாலைக்கு வரவில்லை. திரும்பி வந்தவனிடம் காரணம் வினவியபோது, “படகின்ரை பின்பக்கம் தண்ணி குடிச்சுப்போச்சு, சேர். அப்பாவோடை நிண்டு வெட்டித் திறந்தனாங்கள்” என்றான். அந்த வார இறுதியில் நாச்சிக்குடாவுக்குச் சென்றோம். கரையேற்றி வைத்திருந்த கண்ணாடியிழைப் படகின் பின்புறத்தில், இயந்திரம் மாட்டும் பலகைக்கு முன்னால் அமைந்த மூடிய அறை அறுத்துத் திறக்கப்பட்டிருந்தது. அதனுள் அடைத்திருந்த நுரைப்பொருள் ஊறிய பாண்போல நீரைச் சுமந்து கிடந்தது. பின்பலகையின் உள்மரம் விரலாற் கிள்ள உதிர்ந்தது. “வெளியிலை ஒரு சொட்டும் தெரியேல்லை” என்றார் தந்தையார். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

தெரியும் கசிவு, தெரியாக் கசிவு என்ற இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு பழைய கலங்களை நோக்குவோம். ஆணி அறையாது கயிற்றினால் தைத்த கலங்கள் இந்துமாகடலில் நெடுங்காலம் ஓடின. 1183 ஆம் ஆண்டில் செங்கடலைக் கடந்த அந்தலூசிய யாத்திரிகர் இப்னு ஜுபைர், அங்குள்ள கலங்கள் தென்னை நாரினால் தைக்கப்பட்டுச் சுறா எண்ணெய் பூசப்பட்டமையைக் குறித்துள்ளார். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. சென்னைக்குத் துறைமுகம் அமையுமுன்னர், கப்பலில் வந்தோரையும் பொருளையும் அலைகளினூடே கரைசேர்த்தது அப்படகுதான். பலகைகளின் பொருத்துக்களில் நாரோ வைக்கோலோ வைத்துத் தைத்திருந்தமையால், அலை மோதும்போது அது உடையாது வளைந்து கொடுத்தது. அந்த நெகிழ்ச்சிக்கு விலையாக நீர் கசிந்துகொண்டேயிருந்தது. ஆகவே இறைப்பதற்கென்று ஆள் வேண்டியிருந்தது. கசிவு இருந்தது, ஆனால் எல்லோர் கண்முன்னும் இருந்தது. அதன் அளவை அறிந்தே வலித்தனர், அறிந்தே இறைத்தனர்.

ஆணி அறைந்த கலங்களிலோ இடுக்குகளிற் பஞ்சையோ நாரையோ உளிகொண்டு செறித்து, குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பூசினர். இத்தொழிலுக்குக் கலப்பற்று என்று பெயர். போர்த்துக்கேயரின் ‘கலபாத்தே’ என்னும் சொல்லே நம் துறைகளில் இவ்வாறு திரிந்து வழங்கலாயிற்று. நாரும் எண்ணெயும் பிசினும் கொண்டு இடுக்கடைக்கும் அறிவோ அவர்கள் கப்பல் இத்திசை காணுமுன்னரே இக்கடலில் இருந்தது. பெயரை அந்நியன் கொடுத்தான். வேலையை நம்மவன் செய்தான். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரின் உடைமையாகி, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாறி, 1938 ஆகஸ்ட் மாதத்தில் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அடைந்தது. வாங்கியவரின் பெயரை நூல்கள் சொல்லும். அத்திலாந்திக் பெருங்கடலைத் தாங்கும் வண்ணம் அதன் இடுக்குகளை அடைத்த தொழிலாளரின் பெயரை எந்த நூல் சொல்லும்?

இனி, கலத்தை அறைகளாகப் பிரிக்கும் உத்தியைக் காண்போம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் சீனத்திலிருந்து இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, சீனப் பெருங்கலங்கள் சிலவற்றில் பதின்மூன்று அறைகள் உள்ளன என்றும், பாறையோ திமிங்கிலமோ மோதி ஓட்டை விழுந்தால் நீர் ஓர் அறையோடு நின்றுவிடும் என்றும் கூறியுள்ளார். அக்கூற்றை மெய்ப்பிப்பது போல, 1974 இல் சுவான்சௌ துறைமுகப் பகுதியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அந்நூற்றாண்டுக் கப்பலிலும் பதின்மூன்று அறைகளே காணப்பட்டன. சுவான்சௌ நமக்கு அயலூரன்று. கி.பி. 1281 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று அங்கே கிடைத்துள்ளது. தமிழ் வணிகர் அத்துறையில் வாழ்ந்து சிவன் கோயிலும் எடுத்திருந்தனர். அவர்கள் ஏறிய கலங்களும் இத்தகையனவாக இருந்திருத்தல் கூடும்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. ஓட்டை விழுந்த அறையிலிருந்து சரக்கை அகற்றி, நீரை வெளியேற்றி, பலகையைச் செப்பனிட்டு, மீண்டும் சரக்கை ஏற்றுவர் என்றே மார்க்கோ போலோ விவரிக்கிறார். அறை நீரை மறித்தது, மனிதனை மறிக்கவில்லை. மாலுமி உள்ளே இறங்கிக் கைவைத்துப் பார்க்கக்கூடியதாக இருந்தமையாலேயே அது காவலாயிற்று.

கசிவு யாருக்குத் தெரிகிறது என்பதைப் போலவே, கசிவினால் யார் சாகிறார் என்பதும் வரலாற்று வினாவே. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் முதலாளிகள் சிலர் பழுதுற்ற கலங்களில் மிகைப்பாரம் ஏற்றி, மதிப்பிலும் கூடிய தொகைக்குக் காப்புறுதி செய்து கடலுக்கு அனுப்பினர். கப்பல் மீண்டால் இலாபம், மூழ்கினாலும் நட்டமில்லை. மக்கள் அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றனர். ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டபின் ஏற மறுத்த மாலுமிகள் சிறை சென்றனர். சாமுவேல் பிளிம்சோல் பாராளுமன்றத்தில் நடத்திய போராட்டத்தின் பயனாக, 1876 இல் பாரக்கோடு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் அக்கோட்டை எந்த இடத்தில் வரைவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை 1890 வரை முதலாளியின் கையிலேயே இருந்தது! உயிரைப் பணயம் வைப்பவன் ஒருவன், அளவுகோலைப் பிடித்திருப்பவன் இன்னொருவன். இந்நிலை அந்நாட்டுக்கும் அந்நூற்றாண்டுக்கும் மட்டும் உரியதன்று.

நமது வடகரையில் 1960களின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் உதவியுடன் தொடங்கிய சீநோர் முயற்சியும், அதன் காரைநகர்ப் படகுத் தொழிற்சாலையும் கண்ணாடியிழைப் படகைப் பரப்பியவற்றுள் முக்கியமானவை. அப்படகின் நன்மைகளை மறுப்பார் யாருமிலர். மரத்தைத் துளைக்கும் கடற்புழு அதனை அணுகாது; ஆண்டுதோறும் கலப்பற்றுச் செய்யவேண்டியதில்லை; நிறையும் குறைவு. இடுக்கே இல்லாத கலம் தோன்றிவிட்டது எனக் கடற்றொழிலாளர் மகிழ்ந்தனர்.

ஆயின் இடுக்கு ஒழியவில்லை, இடம் மாறிற்று. வெளியிணைப்பு இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகை, பெரும்பாலும் இரு கண்ணாடியிழைப் படைகளுக்கு இடையே ஒட்டுப்பலகை வைத்துச் செய்யப்படுவது. அதனை ஒட்டிய அறை, கவிழ்ந்தாலும் படகு மிதக்கவேண்டும் என்பதற்காக நுரைப்பொருள் நிரப்பி மூடப்படுவது. இயந்திரத்தைப் பிணைக்கத் துளையிடும்போது ஒட்டுப்பலகையின் வெறுமரம் துளையினுள்ளே வெளிப்படுகிறது. அதனைப் பிசினால் அடைக்காது ஆணியை முடுக்கினால், இயந்திரத்தின் அதிர்வு துளையைத் தளர்த்த, நீர் சிறிது சிறிதாக உட்செல்கிறது. சென்ற நீருக்கு வெளியேற வழியில்லை. மரம் உக்குகிறது, நுரை நீரைக் குடித்துப் பாரமாகிறது, படகின் பின்புறம் தாழ்கிறது. மிதப்பதற்கென்று அமைத்த அறையே மூழ்கடிக்கும் பாரமாகிவிடுகிறது. நடுக்கடலிற் பின்பலகை பிளந்து இயந்திரம் கழன்றால், நீந்துபவன் தொழிலாளியே, படகைக் கட்டிக்கொடுத்தவனல்லன்.

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்தழித்தது. அதன்பின் நாடெங்கும் அவசரத்திற் கட்டி வழங்கப்பட்ட படகுகளுட் பல தரங்குறைந்தவை என்பதை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமே எடுத்துரைத்தது. 2009 இல் முடிந்த போரிலே வன்னிக் கடற்றொழிலாளர் எஞ்சிய கலங்களையும் இழந்தனர். மீண்டும் உதவிப் படகுகள் வந்தன. எத்தனை படகுகள் வழங்கப்பட்டன என்று பலகை நட்டு எழுதுவது எளிது. ஐந்தாண்டின் பின் எத்தனை பின்பலகைகள் உறுதியாக உள்ளன என்று எண்ணுவோர் அரியர்.

பரிகாரம் அரியதன்று. விரல்மொழியால் பலகையைத் தட்டினால் நல்ல மரம் கணீரென ஒலிக்கும். ஊறிய மரம் மந்தமாக ஒலிக்கும். அறையின் அடியில் அடைப்பானுடன் கூடிய வடிதுளை ஒன்றும், மேலே திறந்து பார்க்கக்கூடிய மூடியொன்றும் அமைக்கலாம். ஊறிய நுரையை முற்றாக அகற்றி, மரத்தை நன்கு உலரவிட்ட பின்னரே புதிய படையை ஒட்டவேண்டும். ஈரத்தின்மேல் ஒட்டினால் நோயை உள்ளே வைத்துத் தைத்ததாகும். ஆணித்துளையைப் பெரிதாக்கி, பிசினால் நிரப்பி, அது இறுகியபின் நடுவே துளையிட்டால் ஆணியை மரம் தீண்டாது. இவையெல்லாம் ஒரு மாணவன் ஒரு நாளிற் கற்கத்தக்கவை. சீன மாலுமி அறிந்திருந்த உண்மையும் இதுவே: அறை காவலாக வேண்டுமாயின், அதனுள் வாழ்வோன் அதனைத் திறக்கக்கூடியவனாக இருக்கவேண்டும்.

1992 இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள், தொடர்ந்த போராட்டத்தின் பின், 2018 ஏப்ரல் 23 ஆம் நாள் தம் படகுகளிலேயே ஏறித் தம் தீவை அடைந்தனர். யாரும் அவர்களைக் கொண்டுபோய் இறக்கவில்லை. அன்று அவர்களைச் சுமந்தது படகு. படகைச் சுமந்தது அதன் அடியும் பின்பலகையுமே. நிலத்துக்கு உரிமை கோரும் மக்களுக்குத் தம் கலத்தைத் தாமே திறந்து அறியும் அறிவும் உரிமையே ஆகும்.

நமது வகுப்பறைகளில் ஆர்க்கிமிடிசின் மிதத்தல் விதி கற்பிக்கப்படுகிறது. அதனைப் பிழையின்றி எழுதும் மாணவன் தந்தையின் படகு ஏன் பின்னே தாழ்கிறது என்று அறியாதிருப்பின், குறை அவனதன்று, நம்முடையது. எமது மாணவன் பாடசாலைக்கு வராத அக்கிழமையிற் கற்றதை மற்ற மாணவருக்கு விளக்குமாறு பணித்தோம். அவன் வகுப்பறை மேசையை முதலில் தட்டிக் காட்டினான். அடுத்து, மழையில் ஊறிப் பழுதான கதவைத் தட்டினான். இரண்டு ஒலிகளின் வேறுபாட்டை வகுப்பு முழுவதும் கேட்டது. மூடிவைத்த எதனையும் தட்டிப் பார்க்கும் வழக்கம் அங்கிருந்து தொடங்கட்டும்.