நகலுக்காக வெட்டப்பட்ட கார்கள்

ஏப்ரல் மாசத்தில் பெரகல சந்தியில் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்ல வழியா வரும் வாகனங்கள் இங்கதான் திரும்பி ஹப்புத்தளைக்கு ஏறும். நுவரெலியா சீசனுக்குப் போகிறவங்க, தியத்தலாவைக்குப் போகிறவங்க என்று ஒரே நெரிசல். அதுக்கு நடுவில எப்பவாச்சும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வரும். கதவில் வெள்ளை வட்டம், வட்டத்துக்குள்ள ஒரு நம்பர். கடை வாசலில் நிற்கிற பொடியன்கள் உடனே "ரேஸ் கார்டா!" என்று கத்துவாங்க.

அந்தக் கார் எந்த ரேஸில ஓடியது என்று யாரும் கேட்க மாட்டோம். வட்டமும் நம்பரும் இருந்தால் ஓடியிருக்கும் என்று நம்பிடுவோம். ஆனா உலகத்தில் இப்படித் திரியும் பழைய ரேஸ் கார்களில் நிறைய ஒரு ரேஸும் ஓடாதவை. சாதாரணமா ரோட்டில் ஓடின ஒரு பழைய காரைப் பிரித்து, புகழ்பெற்ற ரேஸ் கார் ஒன்றின் உருவத்தில் திரும்பச் செய்தவை. ரெப்ளிகா என்று சொல்லுவாங்க. இந்தக் கட்டுரை அந்த ரெப்ளிகாக்களின் வரலாறு பற்றியது. கார் பைத்தியம் இல்லாதவங்களும் கடைசி வரைக்கும் வாங்க. இது நம்ம கதையிலதான் வந்து முடியும்.

பின் சீட் இருந்த ஃபெராரி

ஃபெராரி கம்பனி 1962 முதல் 1964 வரை 250 ஜிடிஓ என்று ஒரு ரேஸ் கார் செய்தது. மொத்தம் 36 கார்தான். 4 லீட்டர் எஞ்சின் போட்ட 3ஐயும் சேர்த்தால் 39. அதே காலத்தில், 1960 முதல் 1963 வரை, அதே கம்பனி 250 ஜிடிஇ என்று இன்னொரு காரையும் செய்தது. ஏறத்தாழ 950 கார். ஃபெராரி பெரிய எண்ணிக்கையில் செய்த முதல் நான்கு சீட் கார் இது. முன்னுக்கு ரெண்டு பேர், பின்னுக்கு ரெண்டு பேர். அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் போகலாம். கம்பனிக்குக் காசு வந்தது இந்த மாதிரிக் கார்களை விற்றுத்தான்.

ரெண்டுக்கும் ஒரே குடும்பத்து எஞ்சின்: 3 லீட்டர், 12 சிலிண்டர். பிரச்சினை தொடங்கியதே அங்கதான்.

காலம் போகப் போக ஜிடிஓ விலை ஏறிக்கொண்டே போனது. 2018ல் ஒரு ஜிடிஓ ஏலத்தில் 48.4 மில்லியன் டொலருக்குப் போயிருக்கு. ஜிடிஇயோ நீண்ட காலம் யாரும் பெரிசா மதிக்காத பழைய காராகக் கிடந்தது. அதன் எஞ்சினைப் பழுதுபார்க்கிற செலவு காரின் விலையை விடக் கூடிப்போகும். அப்போ சிலருக்கு ஒரு யோசனை வந்தது. எஞ்சின் ஒன்றுதானே, இதை வெட்டி அதைச் செய்தால் என்ன?

வேலை இப்படி நடக்கும். முதலில் ஜிடிஇயின் இரும்பு பொடியை முழுசாக் கழற்றி எடுக்கிறது. ஜிடிஇயில் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைத்தூரம் 2,600 மில்லிமீற்றர். ஜிடிஓவில் 2,400. ஆகவே சேசிஸ் குழாய்களை அறுத்து, 200 மில்லிமீற்றரை எடுத்துவிட்டு, மீதியைத் திரும்ப வெல்டிங் பண்ணணும். ஜிடிஇ எஞ்சினில் 3 கார்புரேட்டர், ஜிடிஓவில் 6. அதையும் மாற்றணும். பிறகு மரத்தில் ஒரு அச்சுச் செய்து, அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி அந்த அச்சுக்கு வளைக்கணும். இதுதான் உண்மையிலேயே கஷ்டமான வேலை. நம்ம ஊர் கராஜில் டிங்கர் பாஸ் ஒருத்தர் நசுங்கின மட்காட்டை எடுக்கிறதைப் பார்த்திருப்பீங்க. ஒரு முழுக் காரையே அப்படிக் கையால செய்யிறதை நினைச்சுப் பாருங்க. கடைசியாகச் சிவப்புப் பெயின்ட், வெள்ளை வட்டம், நம்பர்.

எடுத்து வீசிய அந்த 200 மில்லிமீற்றர் எதுக்கு இருந்தது தெரியுமா? பின் சீட்டுக்கு. பிள்ளைகள் உட்கார்ந்த இடம்.

இப்படி எத்தனையோ ஜிடிஇக்கள் அழிந்து போயிட்டது. ஆனா அவை வரலாறே இல்லாத கார்கள் இல்ல. 1960களின் தொடக்கத்தில் ரோம் நகரப் பொலிஸ் ஒரு கறுப்பு ஜிடிஇயைத் துரத்தல் வேலைக்கு வைத்திருந்தது. அர்மாண்டோ ஸ்பதாஃபோரா என்ற பொலிஸ்காரர் அதை ஓட்டியதை இத்தாலியில் இன்னமும் கதையாச் சொல்லுவாங்க. மற்ற ஜிடிஇக்களுக்கும் இப்படி ஏதோ ஒரு கதை இருந்திருக்கும். வெட்டும்போது அதுவும் சேர்ந்து போயிட்டது. 2019ல் இத்தாலியின் பொலோஞா நகர நீதிமன்றம் ஜிடிஓவின் உருவத்தை ஒரு கலைப்படைப்பாக ஏற்றுக்கொண்டது. ஜிடிஓவைக் காப்பாற்ற சட்டம் இருக்கு. ஜிடிஇயை வெட்டக்கூடாது என்று சொல்ல ஒரு சட்டமும் இருக்கல்ல.

நம்பர் இருந்தால் ஒரிஜினலா?

பழைய கார் வாங்குகிறவங்க முதலில் தேடுறது சேசிஸ் நம்பரை. சேசிஸிலும் எஞ்சினிலும் உள்ள நம்பர்கள் கம்பனிப் பதிவோடு பொருந்தினால் கார் ஒரிஜினல். பொருந்தாவிட்டால் எவ்வளவு அழகா இருந்தாலும் நகல்.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஜகுவார் கம்பனி 1963ல் ஈ-டைப் காரில் ரேஸுக்கு என்று பாரம் குறைந்த அலுமினிய வகையொன்றைத் திட்டமிட்டது. 18 காருக்கு நம்பர் ஒதுக்கினாங்க, 12தான் செய்தாங்க. அரை நூற்றாண்டு கழித்து 2014ல், மிச்சம் இருந்த 6 நம்பருக்கும் அதே கம்பனி புதுசாக் கார் செய்து விற்றது. ஒரு சாதாரண ஈ-டைப்பை யாராவது தன் கராஜில் அதே உருவத்துக்கு மாற்றினால் அது நகல். கம்பனி 50 வருஷம் கழித்துச் செய்தால் அது நகல் இல்ல, தொடர்ச்சி. இரும்பும் அலுமினியமும் ரெண்டு இடத்திலும் ஒன்றுதான். வித்தியாசம் பதிவுப் புத்தகத்தில். அந்தப் புத்தகம் யார் கையில் இருக்கோ, எது அசல் என்று தீர்மானிக்கிறதும் அவங்கதான்.

இந்த இடத்தை ஞாபகம் வச்சிருங்க. திரும்ப வருவோம்.

கோயம்புத்தூரில் வேற ஒரு வழி

ரேஸ் கார் உருவத்தைச் செய்ய, ஒன்றை அழிக்கத்தான் வேணும் என்றில்ல. இங்கிலாந்தில் கொலின் சப்மன் 1948ல் தன் முதல் ரேஸ் காரைச் செய்தது ஒரு பழைய ஒஸ்டின் செவனை வைத்து. அவர் எந்தப் புகழ்பெற்ற காரையும் காப்பி அடிக்கல்ல. கையில் இருந்த மலிவான காரிலிருந்து புதுசா ஒன்றைச் செய்தார். அதுதான் லோட்டஸ் கம்பனியின் ஆரம்பம். 1957ல் வந்த அவருடைய லோட்டஸ் செவன், கதவு, கூரை என்று அதிகம் எதுவும் இல்லாத, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளக்கூடிய கார். உலகத்தில் அதிகமாக நகல் செய்யப்பட்ட கார்களில் அதுவும் ஒன்று. இந்தியாவில் சிங்காரா என்ற சின்னக் கம்பனியும் அந்த உருவத்தில் ஒரு கார் செய்தது. எஞ்சின் இந்துஸ்தான் மோட்டார்ஸின் கொன்டெஸா காரில் வந்த 1.8 லீட்டர் இசுசு எஞ்சின்.

எனக்கு இன்னும் பிடித்த கதை கோயம்புத்தூருடையது. அங்கே எஸ். கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். எல்லாரும் கரி என்றுதான் சொல்லுவாங்க. வெளிநாட்டு ரேஸ் கார் வாங்க வசதி இல்லாத இளம் ஓட்டுநர்களுக்காக, மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார்களைச் செய்தார். உருவம் வெளிநாட்டு ஃபோர்முலா கார் மாதிரி. உள்ளே இருந்தது சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகிற காரின் எஞ்சின். அந்த ஃபோர்முலா மாருதி கார்களில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபோர்முலா வன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரி 1995ல் இறந்துபோனார். கோயம்புத்தூர் ரேஸ் ட்ரக்குக்கு இப்போ அவர் பெயர்தான்.

ஜிடிஇயை வெட்டினவருடையதும் கரியுடையதும் உருவத்தைப் பார்த்துச் செய்த கார்கள்தான். ஆனா ஒருத்தர் ஒரு சாதாரணக் காரின் கதையை அழித்து, வேறொரு காரின் புகழைப் போர்த்திக்கொண்டார். மற்றவர் சாதாரணக் காரின் எஞ்சினை எடுத்து அதுக்கு ஒரு புதுக் கதை கொடுத்தார்.

தோட்டத்து ரோடு

இனி நம்ம மலைக்கு வருவோம். நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ல் தொடங்கியது. இந்தப் போட்டியில் கார்கள் பக்கத்துப் பக்கமா ஓடாது. ஒவ்வொன்றாக மலை ரோட்டில் ஏறும், நேரத்தைக் கணக்கெடுப்பாங்க. மஹகஸ்தோட்டை என்பது ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர். இதே மாதிரிப் போட்டி நடக்கிற ரதெல்லவும் தோட்டம்தான். அந்த வளைவுகள் ரேஸுக்காக வெட்டப்படல்ல. தேயிலையும் துரைமாரும் போய்வர வெட்டப்பட்ட மலை ரோடுகள். மம்பட்டி பிடித்தவங்க, கல் உடைத்தவங்க யார் என்று உங்களுக்கே தெரியும். போட்டி முடிவுப் பட்டியலில் ஓட்டினவர் பெயர், கார் பெயர், நேரம் இருக்கும். ரோடு போட்டவங்களுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்ல.

ரேஸ் ஓரத்தில் நிற்கிறவங்களும் பட்டியலில் வரமாட்டாங்க. 2024 ஏப்ரல் 21ந் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் ட்ரக்கை விட்டு விலகிச் சனத்துக்குள்ள பாய்ந்தது. 7 பேர் செத்துப்போனாங்க. அதில் ஒரு சின்னப் பிள்ளையும் இருந்தது. 1955ல் பிரான்சின் லு மான் போட்டியில் 80 பேருக்கு மேல் செத்தாங்க. அந்த வருஷம் ஜெயித்தது ஜகுவார் டி-டைப். இன்றைக்கு அந்தக் காருக்கு எத்தனையோ ரெப்ளிகாக்கள் இருக்கு. உருவம், பெயின்ட், நம்பர் எல்லாம் அதேமாதிரி இருக்கும். செத்தவங்க அந்த ரெப்ளிகாவில் எங்கேயும் இல்ல.

கார் மட்டும்தான் ரெப்ளிகா என்றில்ல. ஹப்புத்தளையில் இருக்கும் அடிஷாம் பங்களாவைப் பார்த்திருப்பீங்க, ஸ்கூல் ட்ரிப்பில் போய் ஜாம் வாங்காதவங்க குறைவு. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931ல் கட்டி முடித்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள லீட்ஸ் கோட்டையை மாதிரியாக வைத்துக் கட்டினதாகச் சொல்லுவாங்க. பெயரும் கென்டில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர். தன் ஊரின் ஞாபகத்தை மலை உச்சியில் கல்லில் கட்டிவைக்க அவரால் முடிந்தது. இப்போ அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம், நல்லாவே பராமரிக்கப்படுது. நான் அதில் பிழை சொல்லல்ல. அதே காலத்து லயன்கள் பராமரிக்கப்படுதா என்றுதான் கேட்கிறேன். லயனில் இன்னமும் ஆட்கள் இருக்காங்க, அதனால் அது மரபுச் சின்னம் ஆகல்ல.

இப்போ அந்தப் பதிவுப் புத்தகத்துக்குத் திரும்புவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்ம ஆட்களிடம் கேட்டதும் சேசிஸ் நம்பரைத்தான். இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்கணும். இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும், அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்கணும். அதை நிரூபிக்கணும். தலைமுறை தலைமுறையாக் கொழுந்து எடுத்த கைக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கும்? பொருந்தாத நம்பர்கள் ஆனோம். 1964 ஒப்பந்தத்தில் 975,000 பேரை 525,000, 300,000, 150,000 என்று மூன்று தொகையாப் பிரித்தாங்க, சேசிஸை அறுக்கிற மாதிரி. ஒரே குடும்பத்தில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. நாடற்றவர்களா மிஞ்சினவங்களுக்கான சட்டம் வர 2003 ஆனது.

அதனாலதான் ஒரு ரெப்ளிகாவைப் பார்த்தால் எனக்கு ரெண்டு கேள்வி வருது. இதைச் செய்ய எதை வெட்டினாங்க? யாரை விட்டுட்டாங்க?

இந்தக் கேள்விகளுக்கு நேராப் பதில் சொல்லக்கூடிய ஒரு ரெப்ளிகாவும் நம்மகிட்ட இருக்கு. மலையக மக்கள் வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, 2023 ஜூலை கடைசியில் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்டில் மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. நம்ம மூதாதையர் காட்டு வழியா வந்த பாதையைத் திரும்ப நடந்து பார்த்தாங்க. அதுவும் நகல்தான். அதுக்காக எதையும் வெட்டல்ல. வழியில் செத்தவங்களையும் விட்டுட்டு நடக்கல்ல.

அடுத்த ஏப்ரலிலும் பெரகல சந்தியில் வெள்ளை வட்டம் போட்ட கார் வரும். நல்லாப் பாருங்க, ரசியுங்க, அதைத் தட்டி எடுத்த பாஸின் கை வேலை ரசிக்க வேண்டியதுதான். ஓட்டுறவர் கடையில் தேத்தண்ணி குடிக்க இறங்கினால், இது எந்தக் காரிலிருந்து செய்தது என்று மட்டும் ஒருக்காக் கேட்டுப் பாருங்க.