கறையான் தின்ற நகரம்

பழைய வீடு உடைத்த மரத்தை வாங்கி வீடு கட்டும் நம்மூர்ச் சகோதரர்களுக்காக ஒரு சரித்திரம்.

நெப்போலியன் சிறையிருந்து 1821இல் இறந்த செயின்ட் ஹெலினா தீவு, அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே உள்ளது. 1840 அளவில், அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களைப் பிரித்தானியக் கடற்படை பிடித்து அங்கே கொண்டுவந்தது. அடிமைகளை விடுவித்த பின் கப்பல்களை உடைத்தார்கள். அப்படி உடைத்த ஒரு கப்பலின் மரத்தோடுதான் கறையான் ஜேம்ஸ்டவுன் நகருக்குள் நுழைந்தது.

பிறகு வந்த வருடங்களில் வீடுகளின் தீராந்தி, நிலை, கதவு எல்லாம் உள்ளே கோறையாகிப்போயின. பொது நூலகத்தில் புத்தகங்களின் மட்டை அப்படியே இருந்தது. உள்ளே தாள் இல்லை. திருப்பிக் கட்டியபோது மரத்துக்குப் பதிலாக இரும்பு போட்டார்கள்.

ஆகவே, வெளிப் பூச்சைப் பார்த்து ஏமாறாதீர்கள். மரத்தைத் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்டால் வேண்டாம். வாங்கியதை மண்ணில் படாமல் கல்லின் மேல் அடுக்குங்கள். சுவரில் மண் கோடு ஏறுகிறதா என்று அடிக்கடி பாருங்கள். காணி உறுதியை அலுமாரியின் அடித்தட்டில் வைக்காதீர்கள்.

உடைத்த கப்பல் மரம் ஒரு நகரத்தையே தின்றது. நம் வீடு எம்மாத்திரம்!