அடையாறு வழக்கும் நம் பிள்ளைகளும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. இரயில்வே அலுவலகப் பணி முடிந்து நம் சங்கத்துப் படிப்பகத்தில் அமர்ந்திருந்தேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து மூதாட்டி ஒருவர் முத்திரைத்தாள் ஒன்றுடன் வந்தார். பெற்றோரை இழந்த தம் பேரனை, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் அழைத்துச் சென்று வளர்க்கத் தாம் இசைவதாக அதில் மலையாளத்தில் எழுதியிருந்தது. கீழே அவருடைய கைநாட்டு. நான் படித்துத் தமிழில் பொருள் கூறினேன். முழுவதும் கேட்டபின் அவர் வினவியது ஒன்றே: "பையன் என்ன சொன்னான்னு இதுலே எங்கே தம்பி எழுதியிருக்கு?"

என்னால் விடை கூற இயலவில்லை. நூறாண்டுகளுக்கு முன் சென்னையில் தோன்றி இலண்டன் வரை சென்ற வழக்கொன்றிலும் இவ்வினாவே எழுந்தது என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். அவ்வரலாற்றை நம்மவர் அறிந்திருத்தல் நலம்.

வருவாய்த் துறையில் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற நாராயணய்யா என்பவர் 1909இல் தம் மக்களுடன் அடையாறு பிரம்மஞான சபையில் வந்து குடியேறினார். மனைவியை இழந்தவர்; வறுமையும் உடனிருந்தது. அவருடைய மக்களுள் ஒருவரே பிற்காலத்தில் உலகறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. சபைத் தலைவி அன்னி பெசன்ட் அம்மையார் அவரையும், தம்பி நித்தியானந்தத்தையும் வளர்க்க விரும்பினார். 1910 மார்ச் 6ஆம் நாள் இருவருக்கும் அம்மையாரைக் காப்பாளராக ஏற்றுத் தந்தை எழுதிக் கொடுத்தார். பின்னர்ச் சிறுவர்கள் கல்வியின் பொருட்டு இங்கிலாந்து சென்றனர்.

காலம் செல்லச் செல்லத் தந்தையின் மனம் மாறிற்று. சபையைச் சேர்ந்த லெட்பீட்டரின் தொடர்பு பிள்ளைகளுக்கு ஆகாது என அவர் கருதினார். கொடுத்த இசைவைத் திரும்பப் பெற்று, 1912 அக்டோபரில் செங்கற்பட்டு ஜில்லா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்குச் சென்னை உயர்நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. தந்தையின் பக்கம் வாதாடியவர் இளம் வழக்கறிஞர் சி. பி. இராமசாமி ஐயர். 1936 முதல் 1947 வரை திருவாங்கூர்த் திவானாக இருந்து, தேவிகுளமும் பீருமேடும் அடங்கிய அந்நாட்டின் ஆட்சியை நடத்தியவர் இவரே. எதிரே வழக்கறிஞர் எவரையும் அமர்த்தாமல் அம்மையார் தாமே நின்று வாதாடினார்.

அம்மையாருக்கு நீதிமன்றம் புதிதன்று. 1878இல், நாத்திகக் கொள்கை உடையவர் என்றும், தடைக்குரிய நூலை வெளியிட்டவர் என்றும் கூறி, இங்கிலாந்து நீதிமன்றம் அவர் பெற்ற மகளை அவரிடமிருந்து பிரித்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருபுறம், பிள்ளைகளைத் திரும்பக் கேட்கும் தந்தை மறுபுறம். எவர் துயரை எவர் அளப்பது!

1913 ஏப்ரல் 15ஆம் நாள் நீதிபதி பேக்வெல் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். சிறுவர்கள் நீதிமன்றத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவர் என அறிவித்து, அவர்களைத் தந்தையிடம் ஒப்படைக்குமாறு ஆணையிட்டார். மேல்முறையீட்டிலும் அம்மையார் தோற்றார். ஆயினும் இலண்டன் பிரிவி கவுன்சில் 1914இல் தீர்ப்பை மாற்றிற்று. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி, சிறுவர் வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்திற்கே அதிகாரம் உண்டு. இங்கிலாந்தில் வாழும் சிறுவர் செங்கற்பட்டு நீதிமன்றத்தின் எல்லைக்குள் வாரார் என்றது. தந்தையின் காப்புரிமை ஒரு புனிதப் பொறுப்பு, ஆதலின் அவர் எழுதிக் கொடுத்த இசைவு மீட்டுக்கொள்ளத் தக்கதே. ஆனால் அவ்வாறு மீட்பது பிள்ளைகளின் நலனுக்குக் கேடாகுமோ என்பதையும் ஆராய வேண்டும் என்றது. அனைத்திற்கும் மேலாக, சிறுவர்களின் சார்பில் வழக்கில் எவரும் இல்லை, அவர்களுடைய விருப்பம் கேட்கப்படவும் இல்லை என்று சுட்டிக்காட்டியது. கொழிஞ்சாம்பாறை மூதாட்டியின் வினா அன்றே இலண்டனில் ஒலித்திருக்கிறது!

அதன் பிறகும் அந்த 1890ஆம் ஆண்டுச் சட்டமே நெடுங்காலம் வழிகாட்டிற்று. 1956இன் இந்து தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கே உரியது. ஆகவே வெளிநாட்டார் நீதிமன்றத்தில் காப்பாளராக நியமனம் பெற்றுக் குழந்தையைத் தம் நாட்டுக்கு அழைத்துச் சென்று, அங்கே தத்தெடுத்தனர். இதில் முறைகேடுகள் நிகழ்வதாக இலட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய மடலையே உச்ச நீதிமன்றம் வழக்காக ஏற்றது. 1984 பிப்ரவரி 6ஆம் நாள் நீதிபதி பகவதி விதிமுறைகளை வகுத்தார். விண்ணப்பிப்போரின் இல்லநிலை குறித்து அங்கீகாரம் பெற்ற நிறுவனம் அறிக்கை தரவேண்டும். குழந்தையைப் பற்றியும் தனி அறிக்கை வேண்டும். பெற்றோர் தம் முடிவை மறுபரிசீலனை செய்யக் கால இடைவெளி அளித்தல் வேண்டும். குழந்தை சென்றபின்னும் அதன் நிலை பற்றி அறிக்கைகள் வருதல் வேண்டும். 1990இல் மத்திய தத்தெடுப்பு நிறுவனம் தோன்றியது; 2015இன் சிறார் நீதிச் சட்டம் அதற்குச் சட்டத் தகுதி தந்தது. 2021இன் திருத்தம் தத்து ஆணை வழங்கும் அதிகாரத்தை நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட நடுவருக்கு, அதாவது ஆட்சியருக்கு மாற்றியது.

இவை நமக்கு ஏன்? அடையாறு வழக்கு நடந்த நாளில் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. சித்தூர் கொச்சி இராச்சியத்தில். தேவிகுளமும் பீருமேடும் திருவாங்கூரில். இன்று அனைத்தும் ஒரே மாநிலம். ஆயினும் நம் குடும்பங்கள் எல்லையின் இருபுறமும் வாழ்கின்றன. தாய் மூணாறு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளை போடியில் பாட்டியிடம். "வழக்கமாக வசிக்கும் இடம்" எது என்னும் வினா நம் வீடுகளிலேயே எழுகிறது. தொடுபுழையா, தேனியா என்று அறியாமல் தவறான இடத்தில் மனுச் செய்து காலமும் பொருளும் இழப்பது எளிது.

முத்திரைத்தாளில் எழுதிக் கொடுப்பதனால் மட்டும் ஒருவர் சட்டப்படி காப்பாளராகவோ தத்துப் பெற்றோராகவோ ஆகிவிடார். இதனை நம் மக்களுக்கு உணர்த்துதல் சங்கத்தின் கடமை. பெண்களும் குழந்தைகளும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி பெற உரியவர். சிறுபான்மைத் தமிழர் கேரள அரசுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே மறுமொழி பெறவும் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்துள்ளது. வாரம் ஒரு மாலை நம் படிப்பகத்தில், மலையாளமும் தமிழும் அறிந்த இருவர் அமர்ந்து, கைநாட்டு இடுவதற்கு முன்பே ஆவணங்களைப் படித்துக் காட்டினால் போதும்.

அம்மூதாட்டியைச் சட்ட உதவி அலுவலகத்திற்கு அழைத்துச் சென்றோம். விவகாரம் நீதிமன்றத்திற்குச் சென்றது. அகவை முதிர்ந்த சிறுவனின் விருப்பத்தையும் கருதலாம் என்பது அப்பழைய சட்டத்திலேயே உள்ளது. நீதிபதி பையனை அருகழைத்துத் தனியே கேட்டார் எனப் பாட்டி மகிழ்ந்து கூறினார். அவன் என்ன சொன்னான் என நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டார்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!