பயாப்சி முடிவை எழுதுவது யார்? பேராசிரியர் லூய் லாய் மெங்கின் ஆய்வுப் பயணம்

உங்க அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. கிள்ளான் மருத்துவமனையில் பயாப்சி எடுக்கச் சொல்கிறார்கள். உடனே வீட்டில் யாராவது ஒருவர், "ஊசி குத்துனா புற்று பரவிடும், வேணாம்" என்பார். கேட்ட பேச்சுதானே?

சரி, பயாப்சியில் எடுக்கும் அந்தச் சின்னத் திசு யாரிடம் போகிறது தெரியுமா?

நீங்கள் பார்க்காத மருத்துவர்

அவர்தான் நோயியல் நிபுணர், அதாவது பெத்தாலஜிஸ்ட். ஆய்வுக்கூடத்தில் திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றுவார்கள். அதை நுண்ணோக்கியில் பார்த்து, புற்றா இல்லையா, எந்த வகை, எவ்வளவு தீவிரம் என்று எழுதுபவர் இவர். பெரும்பாலும் அந்த அறிக்கை வந்த பிறகுதான் சிகிச்சை தொடங்கும்.

மலேசியாவில் இத்துறையின் மூத்தவர்களில் ஒருவர் பேராசிரியர் லூய் லாய் மெங். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து எல்ஆர்டியில் சில நிறுத்தங்கள் தள்ளி, லெம்பா பந்தாயில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகம்தான் அவருடைய களம்.

என்ன ஆராய்ந்தார்?

1984-இல், பேராசிரியர் கே. பிரதாப், யு. பிரசாத் ஆகியோருடன் சேர்ந்து மூக்கின் பின்பக்கம் வரும் புற்றுநோயைப் பற்றி எழுதினார். மலேசியாவில் சீனர்களிடம் அதிகம் காணப்படும் புற்று இது. அந்தக் கட்டிக்குள்ளேயே அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பதை அவர்கள் விவரித்தார்கள். இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் படிந்தால் அவற்றைச் செயலிழக்கச் செய்யக்கூடிய புரதம் அது. மலேசிய நோயாளிகளிடம் அமிலாய்டு எப்படி வருகிறது என்பதையும் அவர் பின்னர் தொகுத்து எழுதினார். மேற்கத்திய நோயாளிகளை வைத்து எழுதிய பாடநூல் நம்ம ஊர் நோயை முழுசா சொல்லிவிடாது, இல்லையா?

1998-இல் பேராசிரியர் சியா பைக் லெங்குடன் மார்பகப் புற்றை ஆராய்ந்தார். ஹெர்2 என்ற மரபணு அளவுக்கு மீறிப் பெருகிய கட்டிகள் கூடுதல் தீவிரமானவை என்று அந்த ஆய்வு காட்டியது. அதே ஆண்டில்தான் ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. அந்த மருந்து யாருக்குப் பொருந்தும் என்பதைச் சொல்வதும் நோயியல் பரிசோதனைதான்.

மலேசிய நோயியல் ஆய்விதழின் ஆசிரியராகவும், பல நாட்டு அறிவியல் கழகங்கள் இணைந்த மருத்துவ அமைப்பின் இணைத் தலைவராகவும் அவர் பணியாற்றியுள்ளார்.

உங்களுக்கு இதில் என்ன?

மார்பகக் கட்டியில் செய்யும் வழக்கமான ஊசிப் பயாப்சியால் புற்று பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. பயந்து தள்ளிப்போடும் மாதங்கள்தான் ஆபத்து. அறிக்கை வந்ததும் ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். புற்று என்று உறுதியானால், ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 முடிவுகள் என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள். அம்மாவுக்குக் கேட்கத் தயக்கமா? கூடவே போய் நீங்களே கேளுங்கள்.