ஒரு குடிகாரர் இன்னொரு குடிகாரரிடம் பேசிய கதை

இந்த வாரம் பழைய புதுச்சேரித் தெருக்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டு வேறொன்றை எழுதுகிறேன். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண் என் மனைவியிடம் வந்து அழுதார். வீட்டுக்காரர் குடியை விடவேண்டும் என்கிறார், ஆனால் விட முடியவில்லை, எங்கே போவது என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். அதற்குமுன் என் பங்குக்கு ஒரு பாவத்தையும் சொல்லிவிட வேண்டும்.

நான் 1971-இல் அரசுப் பணியில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தேன். சில ஆண்டுகள் கழித்து என் பக்கத்து நாற்காலிக்கு ஒரு நண்பர் வந்தார். என்னைவிட ஐந்து வயது இளையவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கோப்பில் ஒரு குறிப்பு எழுதினால் மேலதிகாரி திருத்தவே மாட்டார். குடிதான் அவருக்கு எமன். "அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் பார்த்துக்கங்க" என்பார். நானும் பார்த்துக்கொண்டேன். வருகைப் பதிவேட்டில் அவர் இடத்தை மூடி மறைத்தேன். மருத்துவ விடுப்பு விண்ணப்பத்தை நானே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். சேமநல நிதியிலிருந்து முன்பணம் எடுக்க மூன்று முறை படிவம் நிரப்பிக் கொடுத்தேன். மகளின் காதுகுத்து என்று காரணம் எழுதியதும் நான்தான். இதையெல்லாம் உதவி என்று நினைத்தேன். 1988-இல் கல்லீரல் கெட்டு இறந்துபோனார். அப்போது அவருக்கு 34 வயது. சாவு வீட்டில் அவர் மனைவி என்னைப் பார்த்து, "நீங்க இருந்ததாலதான் அண்ணா வேலையாவது இருந்துச்சு" என்றார். நன்றியாகத்தான் சொன்னார். எனக்கு அது முள்ளாகக் குத்தியது. இன்றைக்கும் குத்துகிறது.

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பக்கத்துத் தமிழ்நாட்டில் 1948 முதல் 1971 வரை முழு மதுவிலக்கு. இங்கே பிரெஞ்சுக்காரர் காலத்திலும், அவர்கள் போன பிறகும் சாராயக்கடை, கள்ளுக்கடை, பிராந்திக்கடை எல்லாம் திறந்தே இருந்தன. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போவார்கள். குடிக்க இடம் தேடி எங்கள் ஊரில் யாரும் அலைந்ததில்லை. விட நினைத்தவன் எங்கே போவது என்பதற்குத்தான் எங்களிடம் பதில் இல்லை.

அந்தப் பதிலை நான் முதலில் கண்டது ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ழோசெஃப் கெசெல் என்ற எழுத்தாளரின் 'சிங்கம்' நாவலை இளமையிலேயே படித்திருந்தேன். நண்பர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, நூலகத்தில் அவர் பெயரைப் பார்த்து இன்னொரு புத்தகத்தை எடுத்தேன். வேட்டையும் இல்லை, காடும் இல்லை. 1960-இல் அவர் 'பிரான்ஸ்-சுவார்' நாளிதழுக்காக அமெரிக்கா சென்று, 'ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்' என்ற குழுவினரோடு பழகி எழுதிய கட்டுரைகள். அந்தக் கட்டுரைகள் வெளிவந்த அதே ஆண்டில்தான் பாரிஸில் பிரெஞ்சு பேசும் முதல் குழுவும் தொடங்கியது. இரண்டே இரவில் படித்து முடித்தேன். மூன்றாம் இரவு தூக்கம் வரவில்லை. நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த அத்தனை ஆண்டும் இப்படி ஒன்று உலகத்தில் இருந்திருக்கிறது!

குடிகாரர்கள் தங்களுக்குள் கூடிக் குடியை விடுவது அதற்கும் முந்தைய கதை. 1840 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஒரு மதுக்கடையில் வழக்கமாகக் குடிக்கும் ஆறு நண்பர்கள் இனிக் குடிப்பதில்லை என்று உறுதி எடுத்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் பெயரை அதற்கு வைத்தார்கள். பாதிரியார் பிரசங்கம் கிடையாது. குடித்தவனே மேடையேறித் தன் கதையைச் சொல்வான். காட்டுத்தீபோலப் பரவியது. 1842 பிப்ரவரி 22-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் அவர்கள் கூட்டத்தில் பேசியவர் யார் தெரியுமா? அப்போது இளம் வழக்கறிஞராக இருந்த ஆபிரகாம் லிங்கன். ஆனால் சில ஆண்டுகளிலேயே சங்கம் கலைந்தது. மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற அரசியலும், வேறு பல சண்டைகளும் உள்ளே புகுந்துவிட்டன. குடிகாரனை மறந்துபோனார்கள்.

அடுத்த காட்சி 1935 மே மாதம், ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரம். நியூயார்க் பங்குச் சந்தை மனிதர் பில் வில்சன் ஒரு வியாபாரக் காரியமாக வந்திருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வந்த காரியம் தோற்றது. மேஃபிளவர் ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம். மறு பக்கம் ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும் தொலைபேசியும். குடிக்கப் போகிறோம் என்ற பயம் வந்ததும் அவருக்கு ஒன்று தோன்றியது: தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு குடிகாரனிடம் பேச வேண்டும். தொலைபேசியை எடுத்தார். ஒரு பாதிரியார் வழியாக ஹென்றியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியின் தொடர்பு கிடைத்தது. அவர் மறுநாள், மே 12 அன்று, பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைத் தன் வீட்டுக்கு வரவழைத்தார். மருத்துவருக்கு முந்தைய நாள் போதையின் தலைவலி. பதினைந்து நிமிடத்துக்குமேல் இருக்கமாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தவர், இரவு பதினொரு மணி வரை பேசிக்கொண்டிருந்தார்.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒன்றைத்தான். டாக்டர் பாப் படித்த மருத்துவர். குடியால் என்ன கெடும் என்று அவருக்குத் தெரியாததா? புத்தி சொல்ல எத்தனையோ பேர் இருந்தார்கள். வில்சன் புத்தி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். "எனக்கு நீங்கள் தேவை" என்ற நிலையில் வந்தார். உதவுகிறவனும் உதவி பெறுகிறவனும் ஒரே படியில் நின்றார்கள். டாக்டர் பாப் அதன்பிறகு ஒருமுறை வழுக்கி விழுந்தார். அவர் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10. அந்த நாளையே இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

1939-இல் அவர்களுடைய அடிப்படை நூல் வெளிவந்தது. 1941 மார்ச்சில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' என்ற பெரிய வார இதழ் அவர்களைப் பற்றி எழுதியது. அந்த ஆண்டு தொடக்கத்தில் ஏறக்குறைய 2,000 பேர், ஆண்டு முடிவில் 8,000 பேர். 1950-இல் கிளீவ்லாந்து மாநாட்டில் 12 மரபுகளை ஏற்றார்கள். அரசாங்க எழுத்தனான எனக்கு அந்த விதிகளைப் படிக்கையில் வியப்பு. கட்டணம் கிடையாது. வெளியாரிடம் நன்கொடை வாங்கக் கூடாது. வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்லக் கூடாது. வெளியே பெயர் சொல்லக் கூடாது. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். பால்டிமோர்க்காரர்கள் விழுந்த பள்ளங்களை ஒவ்வொன்றாக மூடியதுபோல இருக்கிறது. 1951-இல் வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று, குடும்பத்தாருக்காக 'அல்-அனான்' தொடங்கினார். 1953-இல் கலிஃபோர்னியாவில், போதைப்பொருளுக்கு அடிமையானோருக்காக 'நார்காட்டிக்ஸ் அனானிமஸ்' வந்தது.

இந்தியாவில் 1957-இல் பம்பாயில் வேர் பிடித்தது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. குடிக்குக் கணவரை இழந்த அவர், 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கிக் குடிநோய்க்குச் சிகிச்சையும், குடும்பத்தாருக்கு வழிகாட்டுதலும் கொடுத்தார். 1992-இல் பத்மஸ்ரீ பெற்றார். என் நண்பர் இறந்தது 1988-இல் என்று மேலே எழுதினேன். சென்னை எங்களுக்கு நாலு மணி நேரப் பயணம்.

1997-இல் என் அக்கா மகன் அதே பாதையில் போனான். அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயர் வேண்டாம். "மாமா, ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க" என்று வந்து நின்றான். அதே குரல். இந்த முறை பேனாவை எடுக்கவில்லை. "லெட்டர் எழுத மாட்டேன்டா. உன்கூட வர்றேன், எங்க வேணா வர்றேன்" என்றேன். முதலில் மருத்துவமனை. அங்கே பத்து நாள். வெளியே வரும்போது ஒரு சீட்டில் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு தேவாலயத்தின் பின்பக்க அறை. மாலை ஏழு மணி. பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ. ஒரு லாரி டிரைவர், ஒரு வங்கி அதிகாரி, ஒரு கொத்தனார், வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். வெளியாரும் வரலாம் என்ற கூட்டம் அது. அதனால் நானும் பின்வரிசையில் உட்கார்ந்தேன். கொத்தனார் எழுந்து, மகளின் பள்ளிக் கட்டணத்தைக் குடித்த கதையைச் சொன்னார். யாரும் உச்சுக்கொட்டவில்லை. என் அக்கா மகன் தலை நிமிர்ந்து பார்த்தான். பெற்றவளும் நானும் ஆறு ஆண்டு பேசி நிமிராத தலை. ஆக்ரன் நகரத்து வீட்டில் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் ஆண்டில் இரண்டு முறை விழுந்தான். இரண்டு முறையும் டிரைவர்தான் வீடு தேடி வந்து கூட்டிப்போனார். இப்போது அவன் வேறு யார் வீட்டுக்கோ அப்படிப் போய்க்கொண்டிருக்கிறான்.

சரி, தேடுகிறவர்களுக்கு நாலு வார்த்தை. நாள்பட்டு அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் மருத்துவர், பிறகு குழு. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். மத்திய அரசின் இலவசத் தொலைபேசி உதவி எண் 14446. குழுக் கூட்டங்களில் குடிநோயாளிகள் மட்டும் கலந்துகொள்வதும் உண்டு, குடும்பத்தாரும் போகக்கூடியதும் உண்டு. போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போங்கள். கடவுள் பேச்சு ஒத்துவராதவர்கள் தயங்குவதுண்டு. அவர்களுக்கு மருத்துவரிடம் வேறு வழிகளும் உண்டு. பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 2020-இல் காக்ரன் அமைப்பு 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. முறையாக இந்த வழியில் ஈடுபடுத்தப்பட்டவர்கள் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், மற்றச் சிகிச்சைகள் பெற்றவர்களைவிட முன்னணியில் இருந்தார்கள். வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றாலும் மனைவி, அம்மா, அண்ணன் தங்களுக்கான கூட்டத்துக்குப் போகலாம். எனக்கும் அன்றைக்கு அப்படி ஓரிடம் தேவைப்பட்டது.

எங்கள் தெருப் பெண்ணின் கணவரை என் அக்கா மகன் போன வியாழக்கிழமை வந்து பார்த்தான். வாசல் திண்ணையில் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. டீ மட்டும் போட்டுக் கொடுத்தேன்.