கூழும் 'புரோபயாடிக்' என்னும் சொல்லும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் கூடிய உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு ஆகியவற்றின் வல்லுநர்கள் 'புரோபயாடிக்' என்பதற்கு வரையறை வகுத்தனர். போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகள் என்பது அதன் சாரம். இரு நிகழ்வுகளுக்கும் தொடர்பில்லை. ஆயினும் அவற்றுக்குப் பின் பிறந்த தலைமுறையே இன்று கல்லூரிகளில் பயில்கிறது.

சுரங்கத் தொழிலுக்கு வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து மக்கள் வந்தனர். அப்பகுதிகளின் அன்றாட உணவு கேழ்வரகுக் கூழும் பழைய சோறும். கேழ்வரகு மாவை இரவு முழுதும் கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நொய்யுடன் காய்ச்சி, மீண்டும் ஓரிரவு வைத்திருந்து, காலையில் மோர் விட்டுக் கரைப்பதே கூழ். காய்ச்சும்போது மடியும் நுண்ணுயிரிகள் இரண்டாம் புளிப்பிலும் மோரிலும் மீண்டும் இடம்பெறுகின்றன.

மும்மொழி வழங்கும் இவ்வட்டாரத்தில் முதல்நாள் உணவின் பெயர்கள் கருதத்தக்கவை. தமிழில் 'பழையது', கன்னடத்தில் 'தங்களு', தெலுங்கில் 'சத்தன்னம்'. மூன்றும் மிஞ்சியதையே சுட்டுகின்றன, பயனைச் சுட்டவில்லை. எனவே அவ்வுணவு வறுமையின் அடையாளமாகவே எண்ணப்பட்டது.

மாறாக, புளித்த பாலின் நுண்ணுயிரிகள் முதுமையைத் தள்ளிப்போடக்கூடும் என்று 1907இல் மெச்னிகாஃப் எழுதினார். ஜப்பானில் 1935இல் யாகுல்ட் விற்பனைக்கு வந்தது. அறிவியலும் வணிகமும் அவ்வகை உணவுக்கு மதிப்பை ஈட்டித் தந்தன.

பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தப்படும் விழிப்புணர்வு ஆய்வுகள் பலவும் 'புரோபயாடிக் என்ற சொல்லைக் கேட்டதுண்டா?' என்றே தொடங்குகின்றன. இல்லை என்னும் மாணவர் வீட்டில் கூழ்ப்பானை இருக்கலாம். ஆம் என்பவர் விளம்பரத்தை மட்டும் அறிந்திருக்கலாம். அங்கு அளக்கப்படுவது சொல்லறிவு, உணவறிவு அன்று.

இதனால் கூழே புரோபயாடிக் என்று முழங்குவதும் பொருந்தாது. எந்த நுண்ணுயிரி, எவ்வளவு, என்ன நன்மை என்று நிறுவப்பட்டால்தான் அப்பெயர் தகும். புளித்தவை அனைத்தும் புரோபயாடிக் அல்ல. ஆவியில் வெந்த இட்லியில் உயிருள்ளவை பெரிதும் எஞ்சுவதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இவ்வகையில் நல்ல தொடக்கம்.

தங்கவயல் மாணவரிடம் வினாத்தாள் நீட்டுவோர், 'உங்கள் வீட்டில் எதைப் புளிக்கவைக்கிறார்கள்? அதை எவ்வாறு அழைக்கிறார்கள்?' என்று முதலில் கேட்கட்டும். விடைகள் மும்மொழியிலும் வரும்.