மரபுவழிப் புற்றுநோய்

பெற்றோரிடமிருந்து வரும் மரபணுப் பிழையால் ஒரே குடும்பத்தில் பலருக்கு, பெரும்பாலும் இளம் வயதிலேயே தோன்றும் புற்றுநோய், மரபுவழிப் புற்றுநோய் எனப்படும். மொத்தப் புற்றுநோய்களில் இதன் பங்கு 5 முதல் 10 சதவீதம். இவ்வகையில் பெரும்பாலானவற்றில், பிழை பிள்ளைக்கு இறங்கும் வாய்ப்பு சரிபாதி. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை.

பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்னும் மரபணுக்கள் 1994, 1995இல் அடையாளம் காணப்பட்டன. இவற்றில் பிழையுள்ள பெண்கள் நூறு பேரில் ஏறத்தாழ 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. சினைப்பைப் புற்றுநோய், முதல் மரபணுவில் பிழையிருந்தால் 44 பேருக்கும், இரண்டாவதில் இருந்தால் 17 பேருக்கும் வருகிறது. லிஞ்ச் நோய்க்குறி என்னும் இன்னொரு மரபுவழி வகையில் முக்கியமாகப் பெருங்குடலும் கருப்பையும் பாதிக்கப்படுகின்றன.

குடும்ப வரலாறே முதல் சோதனை. சத்தியமங்கலம், கோபி வட்டாரக் கொங்கு வேளாளர் குடும்பங்களில் கூட்டப் (குலப்) பெயர் தந்தை வழியே வருகிறது. பங்காளிகள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேறு கூட்டத்துக்கு வாக்கப்பட்டுப் போன அத்தையின் நோய் எளிதில் கணக்கில் விடுபட்டுவிடும். அவளுக்கு வந்த சினைப்பைப் புற்றுநோய்க்குக் காரணமான மரபணுப் பிழை, அவள் அண்ணன் வழியாக அவர் மகளுக்கும் வந்திருக்கலாம். ஆகவே அப்பாரு, ஆத்தா, அப்புச்சி, அமுச்சி எனத் தந்தைவழி, தாய்வழி இருபுறமும் மூன்று தலைமுறைகளை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ‘வயித்துல கட்டி’ என்று மட்டும் சொல்லி முடிக்கப்பட்ட சாவுகளும் இதில் சேரும். கல்யாணப் பேச்சு தடைபடும் என்று மறைப்பது அடுத்த தலைமுறையின் உயிருக்கே ஆபத்து.

சொந்தத்தில் மணம் முடிக்கும்போது இன்னோர் இடரும் உண்டு. லிஞ்ச் நோய்க்குறிக்குக் காரணமான ஒரே மரபணுவின் பிழை கணவன், மனைவி இருவரிடமும் இருந்து, இரண்டு பிரதிகளும் குழந்தைக்கு வந்தால், சிறுவயதிலேயே மூளை, இரத்தம், குடல் புற்றுநோய்கள் தாக்கும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இன்று மரபுவழிப் புற்றுநோய்க்கான ஆலோசனை உண்டு. மரபணுச் சோதனையை நோயுற்றவரிடமிருந்தே தொடங்குவது நல்லது. பிழை இன்னதென்று தெரிந்தபின் உறவினர்களுக்கு அதை மட்டும் தேடினால் போதும்.

பி.ஆர்.சி.ஏ. பிழையுள்ள பெண்களுக்கு 25 வயது முதல் ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ., 30 முதல் மேமோகிராமும் பரிந்துரைக்கப்படுகின்றன. சினைப்பைப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே காட்டும் நம்பகமான சோதனை இல்லை. அதனால் பிள்ளைப்பேறு முடிந்தபின், 35 முதல் 45 வயதுக்குள், சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றுவதே பாதுகாப்பு. லிஞ்ச் குடும்பத்தினருக்குப் பொதுவாக 20-25 வயதில் தொடங்கி ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி தேவை. கட்டியாக வளரக்கூடிய தசை முளைகளை அப்போதே நீக்கிவிடலாம்.

குடும்பத்தில் உறுதியான பிழை தமக்கு வரவில்லை என்று சோதனையில் தெரிந்தவருக்கு இந்தத் தீவிரக் கண்காணிப்பு வேண்டியதில்லை. அவர் வழியாக அது அவர் பிள்ளைகளுக்கும் போகாது.